ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகள்

பிள்ளைகள் ஓடியாடும் வீடுதான் சீக்கிரம் விலைபோகும் என்பார் தரகர் தேவசகாயம். வீடு பார்க்க ஆள் வரும் ஞாயிறுகளில், கையடக்கக் கருவி ஒன்றிலிருந்து ஒளியால் ஆன ஒரு பையனையும் சிறுமியையும் ஹாலில் ஓடவிடுவார். பிள்ளையில்லாத வீட்டுக்காரி அமிர்தவல்லி சமையலறை வாசலில் நின்று அவர்களையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இந்த வாரம் வந்தவர்களுக்கு வீடு பிடித்துவிட்டது. அட்வான்ஸ் பேச உட்கார்ந்தார்கள்.

"மழை பெஞ்சா பெட்ரூம்ல ஒழுகும்," என்றாள் அமிர்தவல்லி.

அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். தேவசகாயம் கருவியைத் தட்டிப் பிள்ளைகளை அணைத்தார்.

"ஏம்மா, அதத்தான் போன மாசமே சரிபண்ணியாச்சே?"

"அடுத்த ஞாயிறும் கூட்டிட்டு வாங்க சார்."

"யார, பார்ட்டியையா?"

அவள் சாப்பாட்டு மேசையின் முனையில் பழைய துண்டைச் சுற்றிக் கட்டினாள்.

"ஓடி வர்றப்ப சின்னவ தலை சரியா இந்த உயரத்துக்கு வருது."