மதகுத் திரை

தொலைவிலிருக்கும் அணையின் மதகுகளைக் காட்டும் திரை, காலையிலிருந்து நகரத்து அலுவலகத்தில் கறுப்பாகவே கிடந்தது. லைன் போய்விட்டது என்றார்கள். பழுது பார்க்க வந்த கணினிப் பிரிவுத் தமயந்தி சிரித்தாள்.

"லைன் நல்லாத்தான் இருக்கு. சாஃப்ட்வேரோட புது வெர்ஷன், நாமளா சொன்னாத்தான் வெளியூருக்குப் படம் அனுப்பும். பழசு தானா அனுப்பும். அப்டேட் போட்டது யாரு?"

"நான்தான் மேடம்," என்றான் விசைப்பலகை முன் உட்கார்ந்திருந்த வேதமுத்து. "கேட்டதுக்கெல்லாம் என்டர் தட்டிட்டேன்."

இனி வருபவர்களும் திண்டாடக் கூடாதென்று, மாறியதைக் குறிப்பில் எழுதிவிட்டு, அமைப்பைப் பழையபடி திருப்பினாள். திரை விழித்தது. நடுவில், காலையிலிருந்து அணை கேட்டுக்கொண்டே இருந்த கேள்வி நின்றது: எல்லா மதகுகளையும் திறக்கலாமா? 'ஆம்' என்பது ஏற்கெனவே தேர்வாகியிருப்பதைத் தமயந்தி கவனித்தபோது, வேதமுத்துவின் விரல் பழக்கத்தில் என்டர் மேல் இறங்கிக்கொண்டிருந்தது.