வேற்று வாடை

"பாருங்க, இன்னைக்கும் சீறுது! என்னையப் பாத்துச் சீறுதா? உங்களைப் பாத்து மட்டும் ஏன் சீறணும்?"

வாசலில் செருப்பைக் கழற்றிய ஈஸ்வரன் நிமிரவே இல்லை. அடுப்படி ஓரத்தில் சின்னி முதுகை வளைத்து உஸ்ஸென்று சீறியது. போன மாதம் வரை அவன் மடியை விட்டு இறங்காத பூனை.

"அதுக்குத் திமிரு, கற்பகம். கருவாட்டைக் குறை."

"திமிரு இல்லையாம். மிருக டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். பூனை பயந்தாத்தான் சீறுமாம். தெரிஞ்ச ஆளு மேல வேத்து வாடை அடிச்சாலும் சீறுமாம்."

ஈஸ்வரன் சட்டென்று தன் சட்டைக் கையை முகர்ந்தான். பாவம், அதை அவள் பார்த்துவிட்டாள்.

"எந்த வீட்டு வாடைங்க அது?"

"ரிசார்ட்டுல தோட்ட வேலை பாக்குறவன் மேல என்ன வாடை அடிக்கும்? உரந்தான்."

"அப்ப ஏன் தினமும் குளிச்சிட்டு வர்றீங்க? எங்க குளிக்கிறீங்க?"

"அங்க சுடுதண்ணி வருது."

சின்னக்கானல் குளிரில் குளிக்கச் சொன்னாலே ஒளிந்துகொள்கிற மனுஷன்! கற்பகத்துக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை. தேயிலைக் கொழுந்து பறிக்கும்போதும் இதே நினைப்புதான்.

"சின்ன வீடு வச்சிருக்கீங்களா? அங்கயும் பூனை இருக்கா?"

"ஐயோ, மெதுவாப் பேசு. லயத்து வீடு முழுக்கக் கேக்கும்."

"கேக்கட்டும்! எங்க அண்ணன் படத்து மேல சத்தியம் பண்ணுங்க."

சுவரில் மாலையோடு தொங்கிய பொன்ராஜ் படத்தின்மேல் ஈஸ்வரன் கையை வைத்தான்.

"சத்தியமா வேற பொம்பளை இல்ல."

அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. கற்பகம் பறித்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணே, நான் வினோ. இன்னொரு புலியும் கூண்டுல விழுந்துருச்சு! வனத்துறை ஜீப்பு கிளம்புது, ஓடி வாங்க!"

சின்னி பரண்மேல் ஏறிவிட்டது. ஈஸ்வரன் தலையைக் குனிந்தான்.

"ரிசார்ட்டுல ஆளைக் குறைச்சுட்டாங்க, கற்பகம். ஒரு மாசமா வனத்துறையில வாச்சர் வேலை. புலிக்கூண்டைக் கழுவுறது நான்தான்."

கற்பகம் சுவரோரம் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். தலைக்கு மேலே படத்தில், தேயிலைக் காட்டில் புலி அடித்துச் செத்த அண்ணன்.

"பாவி மனுசா... இதுக்கு நீ சின்ன வீடே வச்சிருக்கலாமேய்யா!"