முழுச் செய்தி

“படிச்ச வரைக்கும் போதும் மேடம், மேல படிக்காதீங்க” என்றாள் கல்யாணி.

செங்கல்பட்டில் உள்ள அந்த நூலகத்தின் ஆவண அறையில் அப்போது நான்கு பேர் இருந்தார்கள். ஜன்னலோர மேஜைக்குப் பின்னால் நூலகர் பானுமதி. அவருக்கு எதிரே, மின்விசிறிக்கு நேர் கீழே, எண்பதைத் தாண்டிய தேசப்பன். அவருக்கு வலப்பக்கம், நாற்காலி நுனியில் மகள் கல்யாணி. பீரோவை ஒட்டிய முக்காலியில், பசைக் கிண்ணத்தோடு பைண்டர் எல்லப்பன்.

மேஜைமேல் ‘பாலாற்றுத் தூதன்’ வார இதழ் விரிந்து கிடந்தது. 1942 டிசம்பர் 20. ஈரத்தில் ஒட்டிப்போயிருந்த தாள்களை எல்லப்பன் ஒரு வாரம் பாடுபட்டுப் பிரித்து, மேலே கண்ணாடி போன்ற மெல்லிய தாள் ஒட்டிக் காப்பாற்றியிருந்தார்.

கடப்பாக்கத்திலிருந்து இரண்டாம் உலகப் போருக்குப் போனவர்களுக்கு ஊரில் நினைவுக்கல் வைக்கப் போகிறார்கள். மாமல்லபுரத்துச் சிற்பக்கூடத்தில் கல் தயாராக இருக்கிறது. எழுத்தில் ஆதாரம் இருந்தால்தான் பெயரை வெட்டுவோம் என்று கமிட்டி சொல்லிவிட்டது. தேசப்பனின் அப்பா முனிசாமி பட்டாளத்துக்குப் போய், 1944இல் பர்மாவில் இறந்தவர். தந்தி வந்தது உண்மை. அந்தத் தந்தி ஏதோ ஒரு புயலில் கூரையோடு போய்விட்டது.

“பாதியில நிறுத்தக் கூடாதும்மா” என்று பானுமதி செய்தியை முதலிலிருந்து முழுவதும் படித்தார்.

‘கடப்பாக்கம் முனிசாமி என்னும் சிப்பாய், முகாமிலிருந்து தப்பி ஓடிவந்து, நவம்பர் 22ஆம் தேதி முதல் இருபது நாள் தம் வீட்டிலேயே எவரும் அறியாவண்ணம் மறைந்திருந்து, இம்மாதம் 12ஆம் தேதி இரவு செங்கற்பட்டு ரயிலடியில் பிடிபட்டார். மறுபடியும் படைக்கு அனுப்பப்பட்டார்.’

கல்யாணி தலையில் கை வைத்துக்கொண்டாள். “இன்னா நைனா இது? தாத்தா வீரருன்னு சொல்லித்தானே எம் புள்ளைய ஸ்கூல்ல மேடையேத்தினேன்.”

“குண்டு போட்டா யாருதான் ஓட மாட்டாங்க?” என்றார் எல்லப்பன். “பசை பொங்குனாவே நான் வெளிய ஓடிடுவேன்.”

தேசப்பன் அந்தச் செய்திக்குப் பக்கத்துப் பத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடலோர ஊர்களில் ராத்திரி வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்று ஓர் உத்தரவு அச்சாகியிருந்தது.

“எங்கம்மா சொல்லுவாங்க” என்றார் மெதுவாக. “லாந்தரு மேல கறுப்புத் துணிய சுத்திகினு சோறாக்குவாங்களாம். அரிசில கல்லு கீதா, புழு கீதான்னு கையாலயே தடவிப் பாப்பாங்களாம்.”

கல்யாணி பானுமதி பக்கம் திரும்பினாள். “மேடம், முனிசாமி பட்டாளத்துல இருந்தாருன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. அது பொய்யில்லியே?”

“பொய்யில்லதான். ஆனா இங்க ஒரு வழக்கம் இருக்கு. செய்திய வெட்டிக் குடுக்க மாட்டோம். எழுதுனா முழுசா எழுதணும். இல்லன்னா எழுதவே கூடாது.”

“அப்ப எழுதவே வேணாம். கல்லுல பேரு வராட்டி போவுது. கமிட்டில ராஜேந்திரன் கீறான். ஓடியாந்தவருன்னு தெரிஞ்சா மைக்குல படிச்சிட்டுத்தான் மறுவேலை பாப்பான். மைக் செட்டே அவன் மச்சானுது.”

பானுமதி பேனாவை மூடினார். பிறகு என்ன தோன்றியதோ, தேசப்பனைப் பார்த்துக் கேட்டார். “பெரியவரே, அவர் உங்க அப்பா. நீங்க சொல்லுங்க. எழுதட்டுமா, வேணாமா?”

“எழுதும்மா. முழுசா எழுது.”

“நைனா, உனக்கு இன்னா ஆச்சு?”

“நீ கம்முனு இரு. எந்தத் தேதி பேப்பரு, எந்தப் பக்கம், எத்தினி நாளு வூட்டுல இருந்தாரு, எல்லாத்தையும் எழுதும்மா. நாள மட்டும் நம்பர்லயும் போட்டு எழுத்துலயும் போட்டுடு.”

“இதப் பார்த்தா அவர் பேரக் கல்லுல போட மாட்டாங்க.”

“போட வேணாம்.”

பானுமதி எழுதினார். இதழின் பெயர், தேதி, பக்கம், பத்தி, பிறகு செய்தி ஓர் எழுத்து விடாமல். வட்ட முத்திரை குத்தி, ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டினார். நாட்கள் வரும் இடத்தை மட்டும் தேசப்பன் மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டார். கடிதத்தை மூன்றாக மடித்து, கமிட்டி முகவரி எழுதிய உறையில் இட்டதும், எல்லப்பன் தன் தூரிகையாலேயே பசை தடவி அழுத்தி ஒட்டிக் கொடுத்தார்.

தபால் பெட்டி எதிர்ச் சாரியில் இருந்தது. சாலையைக் கடக்கும்வரை அடக்கிக்கொண்டிருந்த கல்யாணி, பெட்டியண்டை வந்ததும் அழுதுவிட்டாள்.

“பெத்த அப்பன் பேர நீயே கெடுத்துட்டியே. உனக்கு இன்னா கெடச்சிது?”

தேசப்பன் உறையைப் பெட்டிக்குள் விட்டார். அது விழுந்த சத்தம் கேட்டபிறகுதான் கையை எடுத்தார்.

“கல்லுக்காக நான் வரலம்மா. இந்தச் செய்தியத் தேடிகினுதான் வந்தேன். எங்கப்பா பட்டாளத்துக்குப் போனது நாப்பத்தொண்ணு தை மாசம், அப்புறம் ஊருப்பக்கமே வரலன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. நான் பொறந்தது நாப்பத்தி மூணு ஆவணி. ஒளிச்சி வெச்சவளுக்கும் ஜெயிலுன்னு பயந்துகினு எங்கம்மா வாயே தொறக்கல. சாவற வரைக்கும் ஒரு கல்யாணத்துக்கும் அவுங்கள யாரும் கூப்புட்டதில்ல.”