லென்ஸில் விழாத முகம்

பீளமேட்டு ஸ்டூடியோவில் மூக்குக்கண்ணாடிகளைப் படம் பிடிக்கும் மருதாசலத்துக்கு ஒரே தலைவலி, லென்ஸில் பிரதிபலிக்கும் தன் உருவம்தான். அதை எங்கே கண்டாலும் அழித்துவிடும்படி கேமராவைப் பழக்கினார். அந்தப் பாடத்தைக் கட்டடத்தின் எல்லாக் கேமராக்களும் கற்றுக்கொண்டன. அந்தக் கேமராக்களை நம்பி இயங்கும் ஏசி, அறையில் ஆளே இல்லையென்று நின்றது. கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. தட்டித் தட்டி அவர் கை வீங்கியதுதான் மிச்சம்.

கடைசியில் முதலாளி கௌசல்யாவை ஸ்டூடியோ கேமரா வழியே வீடியோவில் அழைத்தார்.

“வெறும் செவுருதான் தெரியுது. எங்கீங்க இருக்கீங்க?”

அடையாளத்துக்கு ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். “உள்ளதானுங்க மேடம். கதவு தொறக்க மாட்டேங்குது, மூச்சு முட்டுதுங்க.”

“அட, கண்ணாடி மட்டும் அந்தரத்துல நிக்குது! அருமைங்க! அப்படியே அசையாம நில்லுங்க. மிச்ச கண்ணாடியையும் ஒவ்வொண்ணா மாட்டுங்க, கதவ அப்புறம் பாத்துக்கலாம்.”