டீனை ஃபெயிலாக்கிய பொம்மை

“வீட்டுல உக்காந்து முறுக்குத் தின்னுக்கிட்டே எங்க காலேஜ் டீனை ஃபெயிலாக்கி, முதலாம் வருசத்துக்கு அனுப்பிட்டேன்!” என்றாள் ஓய்வு பெற்ற நர்சிங் ஆசிரியை பிலவேந்திரம்மாள்.

“அளக்காதீங்க டீச்சர்” என்றார் பக்கத்து வீட்டு இருதயராஜ்.

அளப்பது அவளுக்குச் சாப்பாடு மாதிரி. ஆனால் வன்மம் நிஜம். ‘நர்சுக்கு எதுக்குப் பேராசிரியர் பதவி?’ என்று கடைசிவரை அவளுடைய பதவி உயர்வைத் தடுத்தவர் மருத்துவக் கல்லூரி டீன் சந்திரசூடன். இப்போதெல்லாம் டாக்டர்கள் அவ்வப்போது, மூச்சு விட்டுப் பேசும் பொம்மை நோயாளியைச் சோதித்துக் காட்டித் தேறியாக வேண்டும். தவறினால் முதலாம் ஆண்டிலிருந்து படிக்க வேண்டும். பொம்மைகளுக்குள் பதிவுசெய்து ஏற்றியிருப்பது ஓய்வு பெற்ற ஆசிரியர்களின் குணம். டீனுக்கு வாய்த்த பொம்மைக்குள் இருந்தது அவளுடைய குணம்.

“தொடலாமான்னு ஒரு வார்த்தை கேக்காம வயித்துல கை வச்சாரு. பொம்மை விட்ட அறையில ஏழாம் மாடிப் பல்லியெல்லாம் பொத்துன்னு விழுந்துச்சாம்! மறுபடி கேக்காம வச்சாரு. பொம்மை மூச்சை நிறுத்திருச்சு. நோயாளி அவுட்டு!”

இருதயராஜ் சிரித்தபடி, அதே கல்லூரியில் முதலாம் ஆண்டில் புதிதாகச் சேர்ந்திருந்த பேத்தியை வீடியோவில் அழைத்தார்.

“மெதுவாப் பேசுங்க தாத்தா, டீன் சார் என் பெஞ்சுலதான் இருக்காரு.”

திரையில் பேத்திக்குப் பக்கத்தில் தெரிந்தவரை உற்றுப் பார்த்தார் இருதயராஜ்.

“நடந்திருக்கு டீச்சர். மனுசன் யூனிஃபார்ம் போட்டிருக்காரு.”