நாற்பத்தாறாவது நாள்

விடிந்ததும் விடியாததுமாய் சீதை அந்தச் சின்ன அட்டைப்பெட்டியை மருமகள் ஹேமாவின் கையில் திணித்தாள். நேற்றுப் புதுக்கோட்டை வரை போய் வாங்கி வந்தது. திருமயத்தில் வாங்கினால் பெட்டிக்கு முன்னால் சேதி வீடு வந்து சேர்ந்துவிடும்.

“என்னங்கத்தை இது?”

“கர்ப்பம் பாக்குற கிட்டு. நாள் தள்ளி ஒரு வாரம் ஆனாப் பாக்கலாமாம். காலையில மொதல்ல போறப்பதான் சரியாத் தெரியுமாம். போ.”

“எனக்குத் தள்ளிப்போயிருக்குன்னு யாரு சொன்னா?”

“ஏன், எனக்குக் கண்ணு இல்லையா? நாப்பத்தாறு நாளா ஒரு நாள் விடாம சாமி ரூம்ல நீதான வெளக்கேத்துற?”

ஹேமா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு பேசாமல் பாத்ரூமுக்குள் போய்விட்டாள். வெட்கப்படுகிறாள் என்று சீதை நினைத்துக்கொண்டாள். மகனுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். பேரனோ பேத்தியோ, ஒன்று வந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

ஒரே கோடுதான் விழுந்தது.

“அவசரப்பட்டுட்டமோ? அடுத்த வாரம் இன்னொண்ணு வாங்கியாரேன்.”

“வேணாங்கத்தை. எனக்குப் போன செவ்வாக்கெழமைதான் வந்துச்சு.”

“அன்னைக்கும் நீதான வெளக்கேத்துன?”

“ஆமா.”

“அதுக்கு முந்துன மாசம்?”

“அப்பவும் நான்தான். தள்ளி உக்கார்றத விட்டுட்டேன். நீங்க கேக்கலை, நானும் சொல்லலை.”

சீதை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஹேமா திட்டு வாங்கத் தயாராகித் தலைகுனிந்து நின்றாள்.

“தீட்டப் பத்தி அப்பறம் பேசிக்கலாம்,” என்றாள் சீதை. “இனிமே நான் எத வச்சுடி நாள் எண்ணுறது?”