மூன்று சிரட்டைத் தண்ணீர்

ஓடையில் ஒரு நண்டு குடியிருந்தது. சாயப்பட்டறை, தோல் ஆலை, காகித ஆலை என்று மூன்று கம்பெனிகளின் குழாய்கள் அந்த ஓடைக்குள்தான் கழிவைக் கொட்டின. நண்டின் குஞ்சுகளுக்கு ஓடு இறுகவே இல்லை. தொட்டால் கொழகொழவென்று இருந்தன.

நண்டு குழாய்களிடம் போனது. "யாரு எப்போ எதைக் கொட்டுறீங்கன்னு சொல்லுங்க. அந்த நேரத்துல பிள்ளைகளை வளைக்குள்ள அடைச்சு வச்சுக்கறேன்."

"அது கம்பெனி ரகசியம்," என்றது சாயக் குழாய். "பக்கத்துக் குழாய்க்குத் தெரிஞ்சா எங்க தொழிலே போச்சு." மற்ற இரண்டும் அதையேதான் சொல்லின.

கேட்டுக் கேட்டு நண்டுக்குச் சலித்துப்போனது. ஒவ்வொரு குழாய்க்கும் கீழே ஒரு தேங்காய்ச் சிரட்டையை வைத்தது. "வாயால சொல்ல வேண்டாம். மூணு பேரும் ஒத்துழைச்சு, கொட்டுறதுல ஆளுக்கு ஒரு சிரட்டை கொடுங்க. அதுல என்ன இருக்குன்னு நானே பார்த்துக்கறேன்."

குழாய்கள் கூடிக் கூடிப் பேசின. நண்டுக்கு நம்பிக்கை வந்தது.

மறுநாள் மூன்று சிரட்டையிலும் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. நண்டு ஒவ்வொன்றாக ருசி பார்த்தது. மூன்றும் ஒரே ருசி.

"நீ கேட்டபடி ஒத்துழைச்சோம்ல," என்றது தோல் ஆலைக் குழாய் பெருமையாக. "மூணு பேரும் சேர்ந்து ஒரு டேங்கர் லாரித் தண்ணி வாங்கி ஊத்தினோம்."

நண்டு கொடுக்கால் நெற்றியில் அடித்துக்கொண்டது. "அந்த லாரி எந்தக் கிணத்துலேர்ந்து வந்துச்சு? அதையாவது சொல்லித் தொலைங்க. பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் விட்டுடறேன்."

குழாய்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறகு மூன்றும் ஒரே குரலில் சொல்லின: "அது கம்பெனி ரகசியம்."